கூப்பிட்டனீங்களோ, சிஞ்ஞோரா?

நான் பிறந்தது தீவில். வீட்டுக்கு முன்னால் கடல், பின்னால் கடல், யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகும் பாலத்தின் இரண்டு பக்கமும் கடல். இருந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிடும். ஐம்பது தாண்டிய ஒருவன் இதை அச்சில் ஒப்புக்கொள்வது வெட்கமான காரியம். அதைவிட வெட்கமானது, இதே மனிதன் பலெர்மோவில் தன் வீட்டுக் குளியலறையில் நெஞ்சுவரை ஏறும் ரப்பர்க் காற்சட்டையை மாட்டிக்கொண்டு, ஷவரைத் திறந்துவிட்டு, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று சோதித்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே வர முடியவில்லை. என் மனைவி வந்து காலைப் பிடித்து இழுத்தாள். இழுப்பதற்கு முன் படம் எடுத்தாள். அந்தப் படம் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் போய், "அத்தான் சந்திரனுக்குப் போறாரோ?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது.

சந்திரனுக்கு அல்ல. நோர்வேயின் வடக்கே, வரைபடத்தில் பெயர் எழுதக்கூட யாரும் கவலைப்படாத ஓர் ஆற்றுக்கு. சால்மன் பிடிக்க.

எங்கள் ஊரில் சால்மன் என்பது தகரப் பேணிக்குள் பிறந்து, தகரப் பேணிக்குள் வளர்ந்து, வெங்காயத்தோடு சேரும் மீன். அதற்கு ஓர் ஆறு உண்டு, அந்த ஆற்றில் நெஞ்சளவு பனித்தண்ணீரில் நின்று அதைப் பிடிக்கப் பணக்காரர்கள் உலகத்தைச் சுற்றி வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்குச் சொன்னவர் சிஞ்ஞோரா.

அவருக்குப் பெயர் இருந்தது. நல்ல நீளமான பெயர். ஆனால் வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய கட்டிடத்தில் ரொட்டிக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் வெறும் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி. எண்பதை எட்டிப் பிடிக்கும் வயது. நான் அவருடைய பதாந்தே, அதாவது வயதானவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆள். வேலை கேட்டுப் போன அன்று ஒரே கேள்விதான் கேட்டார். அவர் பேசியது இத்தாலியம், கோபம் வந்தால் சிசிலியம். என் ஞாபகத்தில் எல்லாம் எங்கள் ஊர்த் தமிழாகக் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"எங்கை பிறந்தனீர்?"

"தீவில, சிஞ்ஞோரா."

"அப்ப உமக்குத் தண்ணி தெரியும்."

"நல்லாத் தெரியும்," என்றேன். பொய்யில்லை. சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

சிஞ்ஞோராவின் குணம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அதைச் சுற்றிப் போட்ட வேலி. அவர் யாரையும் உதவிக்குக் கூப்பிடமாட்டார்.

அடம், பெருமை, வாய் பேசாத சுபாவம் என்றெல்லாம் நான் முதலில் நினைத்தேன். ஒன்றுமில்லை. வாயாடி. அரசாங்கத்தைத் திட்டுவார், கத்தரிக்காயின் விலையைத் திட்டுவார், போப்பாண்டவரை நலம் விசாரிப்பதுபோல் திட்டுவார். ஆனால் தனக்கு ஓர் ஆபத்து வந்தால் அந்த வாய் பூட்டிவிடும். கட்டிலருகே அவருடைய மகள் ஓர் அழைப்புமணி பொருத்தியிருந்தாள். சிஞ்ஞோரா அதன்மேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார். அதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது.

அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது சுலபம். கூப்பிடாத மனிதரைப் பார்ப்பது அப்படியல்ல. என் உத்தியோகம் கண்ணை விட்டுவிட்டுக் காதுக்கு மாறியது. கரண்டிச் சத்தம், செருப்பு இழுபடும் சத்தம், வானொலி. சத்தம் இருக்கும்வரை நான் மனிதன். நின்றவுடன் எழும்பிவிடுவேன். தண்ணீர்க் குவளையோ, அன்றைய பத்திரிகையோ, ஏதாவது ஒன்றைச் சாட்டாகக் கையில் எடுத்துக்கொண்டு கதவடியில் போய் நிற்பேன்.

"கூப்பிட்டனீங்களோ, சிஞ்ஞோரா?"

"இல்லை."

அந்த "இல்லை" கேட்டதும் எனக்கு மறுபடி மூச்சு வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இது நடந்தது என்று கணக்கில்லை. கோயில் மணிபோல் நடந்தது.

ஒரு தடவை பத்திரிகை வாங்க அவர் தானாகக் கீழே போனார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் ஓர் இரும்புக் கூண்டு, உள்ளே மடக்கி விரிக்கும் ஒரு பலகை ஆசனம் உண்டு. ஆள் திரும்பி வரவில்லை. படிக்கட்டால் இறங்கி ஓடினேன். பத்திரிகைக் கடையில் இல்லை. வியா மக்வேதாவின் கூட்டத்துக்குள் புகுந்து, வெள்ளைத் தலையெல்லாம் திருப்பிப் பார்த்து, சில கெட்ட வார்த்தைகள் வாங்கி, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையம் வரை போய், மகளுக்கு எந்த வசனத்தில் செய்தியைத் தொடங்குவது என்று யோசித்தபடி வியர்த்து ஒழுகத் திரும்பி வந்தேன். கீழ்த்தளத்தில் என் தலையில் ஏதோ விழுந்தது. மன்டரின் தோடம்பழத் தோல். நிமிர்ந்து பார்த்தால், இரண்டு மாடிகளுக்கு நடுவே கூண்டு தொங்குகிறது. உள்ளே சிஞ்ஞோரா பலகையில் அமர்ந்து பழம் உரிக்கிறார்.

"சிஞ்ஞோரா! உள்ளுக்கை மணி இருக்குது! ஏன் அடிக்கேல்லை?"

"அடிச்சால் ஆக்கள் வருவினம்."

"வரத்தானே வேணும்!"

"வருவினம். ஆனால் வந்திட்டுச் சும்மா நிக்கமாட்டினம்," என்றார். எனக்கு அது விளங்கவில்லை.

பிறகு குளியலறை. ஒரு காலை சத்தம் நின்றது, போனேன், கதவு சாத்தியிருந்தது, கேட்டேன், "இல்லை" வந்தது. ஆனால் அந்த "இல்லை"யின் நிறம் சரியில்லை. கதவைத் திறந்தேன். வழுக்கியிருக்கிறார். தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, உதடு வெளுத்து, கால் நடுங்க நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை கொடுத்தேன், தட்டிவிட்டார். கடைசியில் அவருடைய குளியல் அங்கியின் இடுப்புப் பட்டியைப் பின்னால் இரண்டு விரலால் கொளுவிப் பிடித்தேன். அதை அவர் கவனிக்காததுபோல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். வழுக்கும் இடங்களில் நான் பின்னால் நடப்பேன், இரண்டு விரல் பட்டியில் இருக்கும். அவருக்கு அது தெரியாது. தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் அவருடைய தகப்பன் வழி வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. வசந்தம் வந்ததும் ஞாயிறுகளில் ரயிலேறி அங்கே போவோம். போகும்போது ஒரு நீளமான குழாயை நான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதற்குள் தூண்டில் தடி. தண்ணீரின் வாசமே இல்லாத தோட்டத்தில், காய்ந்த புல்லில் நின்று, சிஞ்ஞோரா தடியைச் சுழற்றுவார். தடித்த நூல் தலைக்குப் பின்னால் போய், காற்றில் வளைந்து, முன்னால் விரிந்து இறங்கும். நூல் நுனியில் ஊசிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளித் துண்டு. நான் ஒரு வாளியோடு தூரத்தில் நிற்கவேண்டும். பெரும்பாலும் அது வாளிக்குள் விழும், சிலவேளை எலுமிச்சை மரத்தில் விழும், ஒருதடவை என் காதில் விழுந்தது.

"ஏன் சிஞ்ஞோரா, இந்த மீன் அவ்வளவு ருசியோ?"

"ருசிக்கில்லை. கடல்ல இருந்து ஆத்துக்குத் திரும்பி வந்த பிறகு சால்மன் ஒண்டும் தின்னாது. பசியே இல்லை. அதுக்கு முன்னால இறகிலயும் நூலிலயும் கட்டின பொய் ஈயைக் காட்டவேணும்."

"பசியில்லாட்டி ஏன் கொத்துது?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

பசியில்லாத மீனுக்கு, சாப்பிட முடியாத ஈயைக் காட்டி, அது வாய் திறக்குமா என்று குளிரில் நிற்பது. தேர்தல் கூட்டங்கள் பல பார்த்தவன் நான். எனக்கு விளங்கியது.

அன்றுதான், எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து, மற்றதையும் சொன்னார். காலமான கணவர் உறுதி எழுதும் நொத்தாரிசாக இருந்தவர். ஒவ்வொரு கோடையும் இருவரும் அந்த வடக்கு ஆற்றுக்குப் போவார்களாம்.

"முதல் வருசம் என்ர தூண்டில்ல கொத்தினவுடனே சந்தோசத்தில அவரைக் கூப்பிட்டன். ஓடி வந்தார். என்ர கையில இருந்து தடியை வாங்கினார். மீனைப் பிடிச்சார். அடுத்த வருசமும் அப்பிடித்தான். பிறகு நான் கூப்பிடுறதை விட்டிட்டன். ஆனால் அந்த மனிசன் என்ர முதுகைப் பார்த்தே கண்டுபிடிச்சிடும். ஓடி வந்திடும். 'விடு, விடு, உனக்குப் பாரம்' எண்டு வாங்கிடும்."

வீட்டுச் சுவரில் தொங்கும் படங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. எல்லாவற்றிலும் நொத்தாரிசும் ஒரு மீனும்.

"படமெடுத்தது நான்," என்றார் சிஞ்ஞோரா. "நல்ல மனிசன். சும்மா நிக்கத் தெரியாது, அவ்வளவுதான். வாழ்நாளில ஒரு சால்மனை நான் கரைக்குக் கொண்டு வரேல்லை. இந்த வருசம் போறன். நீர் வாறீர். ஒரு சத்தியம் பண்ணும். என்ன நடந்தாலும் என்ர கையில இருந்து தடியை வாங்கக் கூடாது."

சத்தியம் பண்ணினேன்.

இரண்டு நாள் கழித்து மிலானோவிலிருந்து மகள் தொலைபேசியில் வந்தாள். அழுதாள். "என்னால அம்மாவை மறிக்க ஏலாது. நீங்கள் ஒரு சத்தியம் பண்ணுங்கோ. முழங்காலுக்கு மேல தண்ணி போக விடமாட்டன் எண்டு. அவவுக்கு ஏதும் நடந்தால் நான் தாங்கமாட்டன்."

அதற்கும் சத்தியம் பண்ணினேன். அதே வாய்.

அதற்குப் பிறகு நான் செய்த மடைத்தனம், இதைப் பற்றியெல்லாம் வாசித்ததுதான். படித்தவனுக்குப் பயம் வந்தால் புத்தகத்தைத் திறப்பான். திறந்தால் பயம் இரட்டிக்கும். குளிர்ந்த தண்ணீரில் மனித இருதயம் என்ன செய்யும், ரப்பர்க் காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் ஆள் எப்படிக் கவிழ்வான், ஆற்றடிப் பாசிக் கல் எப்படி வழுக்கும் என்று எல்லாம் வாசித்தேன். விமானம் ஏறும்போது நான் ஏற்கெனவே பல தடவை மூழ்கியிருந்தேன்.

ஆறு நான் நினைத்ததைவிட அகலம். தேநீர் நிறத் தண்ணீர். கரையில் ஒல்லியான வெள்ளை மரங்கள், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை. கடை இல்லை, வீடு இல்லை, தொலைபேசிக்கு அலை இல்லை. சூரியன் மறைய மறந்த ஊர், கண்ணை மூடினாலும் வெளிச்சம். மரக் குடிசையில் படுத்தபடி ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். கொசு மட்டும் ஊர்க் கொசுவின் அண்ணன்.

வழிகாட்டி ஓர் ஐம்பது வயதுப் பெண். மரக் கதவுபோன்ற தோள். சிஞ்ஞோராவும் அவரும் பழைய சிநேகம், இருவருக்கும் பொதுவாக ஒரு பிரெஞ்சு இருந்தது. காரில் வரும் வழியெல்லாம் அதில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது விளங்காது. அன்று என்னோடு வழிகாட்டி ஆங்கிலத்தில் இரண்டே விஷயம் சொன்னார். ஆற்றுக்குள் தெரிகிற அந்த வெள்ளைக் கல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொஞ்சத் தூரத்தில் அடி இல்லை.

முதல் நாட்களில் ஒன்றும் கொத்தவில்லை. சிஞ்ஞோரா முழங்காலளவில் நின்று எறிவார், வழிகாட்டி பக்கத்தில் நிற்பார், நான் கரையில் கைவலையோடு நின்று நடுங்குவேன். மதியம் சாப்பாடு. சாப்பிட்டால் பிறகு மூன்று மணி நேரத்துக்கு இறங்கமாட்டார். சாப்பிட்ட வயிற்றோடு தண்ணீரில் இறங்கினால் இரத்தம் உறைந்து செத்துப்போவான் என்பது சிசிலியில் பைபிளுக்கு அடுத்தது. கடவுளை நம்பாத சிஞ்ஞோரா இதை நம்பினார். சால்மன்கள் கண்ணெதிரே துள்ளும். அவர் மடக்கு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சமிபாட்டுக்குக் காவல் இருப்பார்.

அதை நம்பித்தான் அன்று வழிகாட்டி போனார். மரங்களுக்கு அப்பால் நிறுத்திய காரில் ஏதோ எடுக்க வேண்டும், மெல்ல வருகிறேன், உங்கள் சிஞ்ஞோரா இப்போதைக்கு அசையமாட்டார் என்று சிரித்துவிட்டுப் போனார். நான் ஒரு கல்லில் சாய்ந்து புத்தகத்தை விரித்தேன்.

ஒரு விஷயம் நான் யோசிக்கவில்லை. பலெர்மோ வீட்டில் சத்தம் நின்றால் எனக்குக் கேட்கும். இங்கே ஆறு இரைகிறது. அந்த இரைச்சலில் அவருடைய மௌனம் எனக்குக் கேட்காது.

தற்செயலாகத்தான் நிமிர்ந்தேன். நாற்காலி வெறுமை. கடித்த பாண் துண்டு அதன்மேல் இருந்தது.

சிஞ்ஞோரா ஆற்றுக்குள் நின்றார். முழங்காலில் இல்லை, தொடையில். தடி வில்லாக வளைந்திருந்தது. மீன் கீழ்ப்பக்கமாக ஓட, அவர் ஓர் அடி, இன்னோர் அடி என்று அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக் கல் அவருக்கு முன்னால் இருந்தது. பிறகு பக்கத்தில் இருந்தது. பிறகு பின்னால் இருந்தது.

நான் வழிகாட்டியைக் கூப்பிட்டேன். மரங்களைப் பார்த்துக் கத்தினேன், தமிழில். மரங்கள் நின்றன. "சிஞ்ஞோரா! கரைக்கு வாங்கோ!" அவர் திரும்பவில்லை. அடுத்த அடியில் அவருடைய ஒரு கால் மடங்கியது. தண்ணீர் விலாவரை ஏறியது. தொப்பி கழன்று, சுழன்று, ஆற்றோடு போய்விட்டது. எப்படியோ நிமிர்ந்தார். வெள்ளை முடி முகத்தில் ஒட்டிக் கிடக்க, பக்கவாட்டில் அவருடைய வாய் தெரிந்தது. இறுக்கி மூடிய வாய். ஆற்றின் நடுவே, சாகப் போகும் ஒரு மனிதருடைய மூடிய வாய். இன்றைக்கும் என் கெட்ட கனவுகளில் வருவது தண்ணீர் அல்ல, அந்த வாய்தான்.

நான் இறங்கினேன். வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கரையில் நிற்கும் பயம் உள்ளே இறங்கும் பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவே. குளிர் ரப்பருக்கு வெளியிலிருந்து பல கைகள்போல் காலை அமுக்கியது. அடியில் கல் ஒவ்வொன்றும் சோப்பு. இடுப்புக்குத் தண்ணீர் வந்தபோது என் தலைக்குள் வந்த நினைவு நீச்சல் தெரியாது என்பதல்ல. "ஐயோ, சாப்பிட்டிட்டன்!" இத்தனை வருட பலெர்மோ என்னை அப்படி ஆக்கி வைத்திருந்தது.

ஊரில் என்றால் முருகனைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் எங்கள் சனம் இந்துவும் கத்தோலிக்கருமாகச் சேர்ந்து ஞாயிறுகளில் மொந்தே பெல்லெகிரினோ மலையில் ஏறி, குகைக்குள் இருக்கும் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரோசலியாவிடம் போய்ப் போய், வாய் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. "ரோசலியா அம்மா, இந்த மனிசி உயிரோட கரையேறினால், அந்த மீனைத் திருப்பி ஆத்திலயே விடுறன். உயிருக்கு உயிர்."

நேர்த்தி வைத்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. அந்த மீன் என்னுடையதல்ல. எங்கள் ஊரில் இது ஒரு பிழையாகாது. தாய் நேர்த்தி வைப்பாள், மகன் காவடி எடுப்பான், யாரும் அவனைக் கேட்பதில்லை. ஆனால் சிஞ்ஞோரா வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஒரே மீனை, அவரைக் கேளாமல், அவர் நம்பாத ஒரு புனிதைக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். அவருடைய காற்சட்டையின் இடுப்பில் ஒரு பட்டி இருந்தது. இரண்டு விரல் போதவில்லை. இரண்டு கையையும் கொளுவினேன். பல் அடிக்க, வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், பழக்கத்தில் கேட்டேன்.

"கூ... கூப்பிட்டனீங்களோ, சிஞ்ஞோரா?"

"இல்லை," என்றார், திரும்பாமல். பிறகு, "என்னைப் பிடியாதையும்."

"நான் உங்களைப் பிடிக்கேல்லை. விழாமல் இருக்க உங்களில பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். எனக்கு நீந்தத் தெரியாது, சிஞ்ஞோரா."

தடி அதிர்ந்தது. நூல் தண்ணீரைக் கிழித்தது.

"தீவில பிறந்தனான் எண்டீர்?"

"பிறந்தனான்."

"நானும்தான்," என்றார். "எனக்கும் தெரியாது."

அந்த நேரத்தில் என் பயம் எந்த அளவுக்குப் போனது என்று எழுத எனக்குத் தமிழ் போதாது. நீந்தத் தெரியாத தீவுக்காரர் இருவர், ஒருவர் பட்டியில் ஒருவர் தொங்கியபடி, அடி இல்லாத இடத்துக்கு ஓரடி முன்னால். அவருடைய முதுகு என் நெஞ்சில் நடுங்கியது. குளிரால் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பிடிச்சிரும்," என்றார். "ஆனால் தடி என்ர."

"தடி உங்கட."

நான் பின்னால் ஓரடி வைப்பேன். கல் அசையாதா என்று காலால் தடவிப் பார்ப்பேன். பட்டியை இழுப்பேன். அவர் ஓரடி வருவார். மீன் ஓடும். நிற்போம். மறுபடி ஓரடி. அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெள்ளைக் கல் எங்களைத் தாண்டி முன்னால் போனது. தண்ணீர் தொடைக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. நான் பட்டியை விட்டுவிட்டு, கரையோரம் கிடந்த கைவலையை எடுத்து, அவர் இழுத்த இடத்தில் தாழ்த்தினேன். பாரம் வலைக்குள் புகுந்தது.

அப்படி ஒரு மீனை நான் பார்த்ததில்லை. பேணிக்குள் அடங்காது. வெள்ளியும் சாம்பலும் கலந்த உடம்பு, வயிறு பெருத்த பெண் மீன். சிஞ்ஞோரா தடியை ஒரு கையில் வைத்தபடியே குந்தினார், மற்றக் கையை அதன் முதுகில் வைத்தார். மீனின் வாயில் இருந்த ஊசியைத் தானே கழற்றினார்.

நேர்த்தியைத் தள்ளிப்போடுவது எனக்குப் பழக்கமில்லை. தள்ளிப்போட்டால் அம்மன் வட்டி கேட்பாள். கண்ணை மூடிக்கொண்டு வலையைக் கவிழ்த்தேன்.

மீன் ஒரு கணம் அப்படியே நின்றது. வாலை ஒரு தடவை அசைத்தது. தேநீர் நிறத்துக்குள் போய்விட்டது.

நான் சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே, ஒரே மூச்சில், நேர்த்தியைச் சொன்னேன். ரோசலியாவைச் சொன்னேன், உயிருக்கு உயிர் என்றேன், மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவர் கரையில் கல்லில் உட்காரும் சத்தம் கேட்டது.

"என்ர மீனை," என்றார் மெதுவாக, "என்னைக் கேளாமல், அந்தப் பெட்டைக்குக் குடுத்திட்டீர்."

"ஓம், சிஞ்ஞோரா."

"தடி ஆரின்ர கையில இருந்தது?"

"உங்கட கையில."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"அப்ப சரி. அந்தப் பாணை எடும். பசிக்குது."

வழிகாட்டி ஓடி வந்தபோது இருவரும் பாண் தின்றுகொண்டிருந்தோம். சிஞ்ஞோரா பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். வழிகாட்டி என்னைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணீர் என்று நினைத்தேன்.

அதன் பிறகு பலெர்மோவில் என் சீவியம் கடனாளியின் சீவியம். சீனி வருத்தக்காரருக்கு கன்னோலி என்ற சிசிலி இனிப்புக் கூடாது என்பேன். "என்ர மீன் இப்ப எங்கை நிக்குதோ," என்று ஜன்னலைப் பார்ப்பார். நான் போய் கன்னோலி வாங்கி வருவேன். இரண்டாவது காப்பிக்கு மீன், மருந்தைத் தள்ளிப்போட மீன், மழையில் உலாவப் போக மீன். ஒரு மீனை இவ்வளவு காலம் தின்ற மனிதரை நான் கண்டதில்லை. கூப்பிடும் பழக்கம் மட்டும் வரவில்லை. நானும் கதவடியில் போய் நிற்பதை விடவில்லை.

ஒரு மாரிகாலக் காலையில் காப்பியோடு போனேன். வானொலி இல்லை, செருப்பு இல்லை. "கூப்பிட்டனீங்களோ, சிஞ்ஞோரா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, அந்த "இல்லை"க்காக நின்றேன். காப்பி ஆறும்வரை நின்றேன். மூக்குக்கண்ணாடி மணியின் மேல் இருந்தது.

அடக்கம் முடிந்து சில நாளில் மகள் கேட்டாள், அந்த ஆற்று வழிகாட்டிக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் தொலைபேசி எடுத்துச் சொல்வீர்களா என்று. எடுத்தேன். வழிகாட்டி அழுதார். பிறகு, "அந்தப் பெரிய பெண் மீன்," என்று சொல்லிச் சிரித்தார்.

"அதை நான் விட்டிருக்கக் கூடாது," என்றேன்.

"விடாமல்? பெரிய பெண் மீன்களை எங்கள் ஆற்றில் யாரும் வைத்திருக்க முடியாது, கட்டாயம் திருப்பி விடவேண்டும். சட்டம். முதல் நாள் காரிலேயே அவருக்குச் சொன்னேனே. உங்களுக்குச் சொல்லவில்லையா?"

சொல்லவில்லை. கரையில் வைத்து வழிகாட்டி முகத்தைத் திருப்பியது கண்ணீரால் அல்ல, சிரிப்பை மறைக்க என்றும் அப்போதுதான் விளங்கியது. எத்தனை கன்னோலி! தொலைபேசியை வைத்துவிட்டு, சமையலறை மேசையில் நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். முழுக்கதையும் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, அப்ப எப்பிடியும் விடவேண்டிய மீனைத்தான் ரோசலியா அம்மாவுக்குக் குடுத்திருக்கிறியள். அது நேர்த்தியில சேராது. வாற ஞாயிறு செருப்பில்லாமல் மலை ஏறுங்கோ, வயிறாவது வத்தும்."